ஜப்பாரை விடுவித்த கப்பல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், ஒரு குளத்தை ஒட்டி எழும்பிய புது நகரில் அப்துல் ஜப்பார் வீடு கட்டிக் குடிவந்து சில வருஷங்களாகின்றன. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுப்பவர். மெலிந்த ஆள். பேச்சு குறைவு. ஒரு காலத்தில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார் என்பது நகரில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கப்பல் ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் கொள்ளைக்காரர்களிடம் மாட்டியதும், மாதக்கணக்கில் அவர் அதிலேயே பிடிபட்டுக் கிடந்ததும் அவருடைய மனைவி ஜாஹிரா பீவிக்கு மட்டும்தான் தெரியும். அப்போது அவர்கள் கடையநல்லூரில் இருந்தார்கள். ஊர் மாறி வந்தபோது அந்தக் கதையை ஜப்பார் கூடவே கொண்டுவரவில்லை.

அதனால் நலச்சங்கத்துச் செயலாளர் உமாராணி ஒரு காலையில் கேட் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னபோது, அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, இந்த வருஷம் சாரலுக்குப் பிள்ளைகளுக்குன்னு ஒரு விழா வைக்கோம். கடற்கொள்ளையர் திருவிழா. முப்பிடாதி அண்ணன் டிராக்டர் தாராங்க. டிரெய்லரக் கப்பலா மாத்தி, பாய்மரமெல்லாம் கட்டிக் குளத்துக்கரையில ஓட்டப் போறோம். கப்பல்ல போன ஆளு நம்ம நகர்ல நீங்க ஒருத்தர்தான். கொள்ளைத் தலைவனா நீங்கதான் வரணும்."

உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்த ஜாஹிரா பீவியின் கை நின்றது.

ஜப்பார் கேட்டின்மேல் விழுந்திருந்த வேப்பஞ்சருகைத் தட்டிவிட்டார். பிறகு, "கொள்ளைக்காரனா நான் சரிப்பட்டு வரமாட்டேம்மா. சமையக்காரனா வேணா வாரேன். பிள்ளைக என்னையப் பிடிச்சிட்டுப் போவட்டும்" என்றார்.

"இது இன்னும் நல்லாருக்கே" என்று உமாராணி சந்தோஷமாகப் போனாள்.

"எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்று ஜாஹிரா பீவி கேட்டாள்.

"தெரியல" என்றார். உண்மையில் அவருக்குத் தெரியவில்லை.

விழா நாளன்று மதியத்துக்கு மேல் மலை இறங்கி வந்தது போலிருந்தது. குற்றாலத்துப் பக்கம் அருவியும் தெரியவில்லை, காடும் தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று வயலையெல்லாம் தாண்டி வந்து குளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. சாரல் விழுகிறதா, காற்றே ஈரமாக இருக்கிறதா என்று சொல்ல முடியாத மாதிரி ஒரு மழை. அதற்குள்ளிருந்து கப்பல் வந்தது. டிரெய்லரைச் சுற்றிலும் பழுப்பு அட்டை அடித்திருந்தார்கள். பாய்மரத்துக்கு யாரோ கொடுத்த ஊதாச் சேலை. சக்கரங்களைப் பனி மூடியிருந்தது. டிராக்டர் சத்தமும் எங்கோ தள்ளிக் கேட்டது. கரைமேல் நின்ற பெரியவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கப்பல் நிறையப் பிள்ளைகள். கண்மையில் வரைந்த மீசைகள் சாரலில் கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தன. தலைவி அபி, உமாராணியின் மகள், நாலாம் வகுப்பு. ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்தாள். வழி தெரியாமல் அதை அடிக்கடி தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

ஜப்பார் கரையில் போட்டிருந்த சாப்பாட்டுப் பந்தலில், சட்டிகளுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு நின்றார். பிள்ளைகள் அட்டைக் கத்தியோடு இறங்கி ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒங்ககிட்ட என்ன இருக்கு?" என்றாள் அபி.

"அரிசி இருக்கு. பருப்பு இருக்கு."

"தங்கம்?"

"தங்கம் இல்ல தாயி."

"அப்ப ஒங்களத்தான் கொண்டு போவோம்."

ஒரு பெண் தன் துப்பட்டாவை உருவிக் கொடுக்க, அபி அவர் கைகளைச் சேர்த்துக் கட்டினாள். கூட்டத்திலிருந்து ஜாஹிரா பீவி ஓரடி முன்னால் வந்துவிட்டாள். ஜப்பார் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார்.

கப்பல் புறப்பட்டது. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் நாற்று நட்டு நீர் கட்டிய வயல். இரண்டும் ஒரே வெள்ளைக்குள் போய்விட்டதால் கரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. டிரெய்லர் மெல்ல ஆடியது. அந்த ஆட்டம் ஜப்பாரின் உடம்புக்குத் தெரிந்த ஆட்டம். ஊருக்குத் திரும்பி எத்தனையோ வருஷம் கட்டிலில் படுத்தால் வருகிற ஆட்டம். பயம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வந்தது வேறு. அந்தக் கப்பலின் மேல்தளத்தில் விடியும் நேரம், கடல் பால்போல அசையாமல் கிடக்கும். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கும் ஒல்லிப் பையன்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அவர் சோறு வடித்தார். பிறகு ஒருநாள் கப்பல் முதலாளிகள் யாரோடோ பேசி முடித்திருக்க வேண்டும். அந்தப் பையன்கள் கயிற்றேணியில் இறங்கிப் படகேறிப் போய்விட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் நிஜமாகவே போய்விட்டார்களா என்று அன்று முழுக்கச் சமையலறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார் ஜப்பார். ஒரு வகையில் இத்தனை நாளும் அங்கேதான் நின்றார்.

கண்ணைத் திறந்தார். மை வழிந்த முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னைய எப்ப விடுவீங்க?" என்று கேட்டார்.

அபி அதை யோசித்திருக்கவில்லை. மற்றவர்களோடு தலையைச் சேர்த்து வைத்துக் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தாள்.

"ஒங்களுக்கு எங்க போணும் மாமா?"

"வீட்டுக்கு."

"அழுதீங்களா?"

"இல்ல."

அவள் நம்பவில்லை. கண்ணை மறைத்த துணியை மேலே தள்ளிவிட்டு, இரண்டு கண்ணாலும் அவரைப் பார்த்தாள். பிறகு முப்பிடாதியிடம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். துப்பட்டா ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

"இங்கன பாருங்க மாமா. ஒங்கள விட்டாச்சு. இனிமே யாரும் பிடிக்க மாட்டோம். நீங்க போலாம்."

ஜப்பார் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லு தாயி" என்றார்.

"விட்டாச்சு. போங்க."

எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு, விட்டாச்சு, விட்டாச்சு என்றார்கள். முப்பிடாதி கைகொடுக்க அவர் சேற்றில் இறங்கினார். கப்பல் நகர்ந்தது. ஊதாப் பாய் பனிக்குள் கரையும் வரை பிள்ளைகள் அவருக்குக் கையசைத்துக்கொண்டே போனார்கள். அவரும் அசைத்தார்.

கரை வழியே நடந்து வந்தவரைப் பாதியில் ஜாஹிரா பீவி குடையோடு எதிர்கொண்டாள். குடையை விரிக்கவும் மறந்துபோயிருந்தாள்.

"சொல்லி அனுப்பிச்சாங்க ஜாஹிரா" என்றார் அவர். "வாயத் தொறந்து சொல்லி அனுப்பிச்சாங்க."

அன்று கொள்ளையர் கூட்டம் முழுவதும் பந்தலில் வரிசையாக உட்கார்ந்து அவர் கையால் சாப்பிட்டது. பரிமாறிக்கொண்டே, கடலில் மீன்கள் பறந்துவந்து கப்பல் தளத்தில் விழும் என்று சொன்னார். பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். உமாராணியும் நம்பவில்லை. சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் கடலோர ஊரான காயல்பட்டினத்தில் ஜாஹிரா பீவியின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். எப்போதும் அவளை மட்டும் பஸ் ஏற்றிவிடுகிறவர், இந்த முறை தானும் ஒரு சட்டையைப் பையில் வைத்தார். சாயங்காலம் ஊர்ச்சனம் காற்று வாங்க வந்திருந்த கடற்கரையில் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். வெகுதூரத்தில் ஒரு கப்பல், ஒரே ஒரு விளக்கு.

"இந்நேரம் அதுல சமையக்காரன் ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சிட்டிருப்பான்" என்றார் ஜப்பார்.

"பிசையட்டும்" என்றாள் ஜாஹிரா பீவி. "நீங்க சுண்டலச் சாப்பிடுங்க. ஆறுது."