மாமாவின் இடது கால்

இராமலிங்கம் மாமா நின்று நின்றுதான் நடப்பார். மலேசியாவில், கிள்ளான் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் அவரோடு நடந்த எல்லோருக்கும் இது தெரியும். கொஞ்ச தூரம் போனால் நகைக்கடைக் கண்ணாடி முன்னால் நிற்பார். அடுத்து நசீருதீன் பாயின் துணிக்கடை. அதற்கும் அப்பால் பூக்கடை. பொம்மைக்குக் கட்டியிருக்கும் சேலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் நடப்பார்.

"என்ன லிங்கம், பத்து வருசமா பாக்குற. என் கண்ணாடிதான் தேயுது, உன் பர்ஸ் தேயலையே" என்பார் பாய்.

"பாக்குறதுக்கும் டேக்ஸ் வந்தா சொல்லுங்க பாய், அப்புறம் வரமாட்டேன்."

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது பூக்கடை வரை நிற்காமல் போவோம். நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன நாள்களில் துணிக்கடையிலேயே நின்றுவிடுவார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வருடம் நகைக்கடையைத் தாண்டவே நேரமானது. நாங்கள் அதை அவருடைய குணம் என்று எடுத்துக்கொண்டோம். லோகேஸ்வரி அத்தை மட்டும், போகிற வருகிற பொம்பளைகளைப் பார்க்கத்தான் நிற்கிறார் என்று திட்டுவார். மாமா சிரித்துக்கொண்டே கெண்டைக்காலைத் தேய்த்துவிடுவார். அந்தக் கையை யாரும் கவனிக்கவில்லை.

அவர் என் அம்மாவின் தம்பி. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் ஐந்தாவது மாடிக்குக் குடும்பத்தோடு வந்தார். இருபத்து நான்கு வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். விடியும் முன்பே கிளம்பி, ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். பழைய பஸ். கிளட்ச் இரும்புபோல் இருக்கும். அதை மிதிக்கும் இடது காலில்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம் என்று அம்மா சொல்வார். என் அப்பா இறந்த பிறகு அது எங்கள் வீட்டுக்கும் பொருந்தியது. பத்தொன்பது வயதில் பிடித்த சிகரெட்டை மாமா விடவில்லை. நாற்பதில் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. அதையும் சிகரெட்டைப் போலவே கூட வைத்துக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தாதிமைப் படிப்பு. மாமா என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். தாதி வேறு, டாக்டர் வேறு என்று திருத்தினால், "ஒரே பில்டிங்தானலா" என்பார்.

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அரசாங்கக் கிளினிக்கில் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். காலுக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவரச் சொல்லியிருந்தது. போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பஸ்ஸுக்கு மாற்று டிரைவர் கிடைக்காது. நான் விடுமுறையில் வருகிறேன் என்று தெரிந்ததும் கடிதத்தை எனக்காக எடுத்து வைத்துவிட்டார்.

நான் வந்த அன்றைக்கு லிப்ட் வேலை செய்யவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறிப் போனேன். உட்காரக்கூட இல்லை, மாமா நாற்காலியில் இருந்தபடி இடது காலை நீட்டிவிட்டார்.

"ஆஸ்பத்திரியில யாரோ பாக்குறதுக்கு நீயே பாரு புள்ள. நீ படிச்சு முடிச்சா பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறதா வேண்டியிருக்கேன். அந்தப் படியெல்லாம் இந்தக் கால்தான் ஏறணும்."

கால்களில் நாடி பார்க்க நான்கு இடங்கள் உண்டு. அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், உட்கணுக்காலின் பின்னால், பாதத்தின் மேற்புறம். எல்லாவற்றையும் வகுப்பில் பொம்மையிலும் தோழிகளிலும் பார்த்திருந்தேன். மாமாவின் பாதம் குளிர்ந்திருந்தது. விரல்களில் முடி உதிர்ந்து தோல் பளபளவென்று இருந்தது. மேற்புறத்தில் இரண்டு விரலை வைத்தேன். ஒன்றும் இல்லை. அத்தை பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அழுத்தினேன். துடித்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நூற்று எட்டு.

"இருக்கு மாமா. கொஞ்சம் வேகமா ஓடுது, அவ்வளவுதான்."

அத்தை கும்பிட்டார். கடிதம் அலமாரிக்குள் போனது.

மூன்றாம் ஆண்டில் விரிவுரையாளர் ஒருநாள் இப்படிச் சொன்னார். பாதத்தில் அழுத்திப் பிடித்தால் மெலிந்த நாடி நசுங்கிப்போகும். உங்கள் விரல்நுனியின் துடிப்பை நோயாளியுடையது என்று எண்ணிவிடுவீர்கள். சந்தேகமாக இருந்தால் அவருடைய மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எனக்கு அந்த எண் ஞாபகத்துக்கு வந்தது. மாமா காலையிலிருந்து நாற்காலியில் இருந்தவர். அவருக்கு நூற்று எட்டு ஓட வேண்டிய காரணமே இல்லை. ஐந்து மாடி ஏறி வந்தவள் நான்.

அதே வகுப்பில்தான், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும் என்ற அடையாளத்தையும் படித்தேன். கடைக் கண்ணாடிகள் எதற்கு என்று அப்போது புரிந்தது.

மதிய இடைவேளையில் மாமாவுக்குப் போன் செய்தேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நீதானம்மா பாத்து சொன்ன. நல்லா இருக்கு. ஏன்?"

"ஒன்னுமில்ல மாமா, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டேன் என்று ஏன் சொன்னேன்? நான் தப்பாகப் பார்த்துவிட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அடுத்த விடுமுறையில் நானே கூட்டிப்போகிறேன் என்று மனத்துக்குள் தள்ளிவைத்தேன். அந்த விடுமுறையில் பயிற்சி வந்தது. டாக்டர் என்று கூப்பிடும் வாய், அப்புறம் எப்படிக் கூப்பிடும் என்ற பயமும் இருந்தது. அதை இப்போதுதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

எட்டு மாதம் கழித்துச் செருப்பு கடித்த கட்டைவிரல் கறுத்தது. வலிக்கவில்லை என்று மாமா பத்து நாள் மஞ்சள் பூசியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பசையைத் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை வைத்துக் கேட்டார். தொடை மடிப்பில் காற்று வீசுவதுபோல் விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. இரத்தம் ஓடும் இடம் என்று அங்கே மையால் ஒரு பெருக்கல் குறி போட்டார். முழங்காலின் பின்னால் வெறும் இரைச்சல். கணுக்காலில் இரைச்சல். பாதத்தில் திரும்பத் திரும்ப இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். அந்த ஒரு குறியைத் தவிர மாமாவின் இடது காலில் வேறு குறி விழவில்லை. விரலில் தொடங்கிய அழுகல் ஏற்கெனவே கணுக்காலைத் தாண்டியிருந்தது. இரத்தக் குழாயின் அடைப்பைத் திறக்கும் காலம் கடந்துவிட்டது என்றார்கள். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

அறுவைக்குப் பிறகு நான்காம் நாள், அத்தை தேநீர் வாங்கப் போயிருந்தபோது மாமாவிடம் சொன்னேன். அன்றைக்கு நான் எண்ணியது என்னுடைய துடிப்பு என்று. அது தெரிந்த பிறகும் போனில் சொல்லவில்லை என்று.

மாமா போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உனக்கு நல்லா ஓடுது" என்றார். பிறகு, "அத்தகிட்ட சொல்லாத. யார திட்டறதுன்னு தெரியாம அலையுறா. நீ கெடச்சா விடமாட்டா."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலை போனது. லிப்ட் நின்ற நாள்களில் மாமா ஐந்தாவது மாடியிலேயே கிடந்தார். இறுதித் தேர்வு முடிவு வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அத்தையைவிட்டுச் சொல்லச் சொன்னார். அப்புறம் மெதுவாக, சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பத்துமலையில் அத்தனை படி ஏற எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டார். நான்கு பேர் இருந்தால் போதும் என்றேன். தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு காலை நேரத்தில் மாரடைப்பில் போய்விட்டார். கால் நாளங்கள் அடைத்தவர்களுக்கு இதயத்திலும் அடைப்பு இருக்கும் என்று நான் படித்திருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அத்தை கேட்டார். வேண்டிக்கொண்டது அவர், பலன் உனக்கு வந்தது, பால்குடத்தை நீ எடுத்தால் முருகன் ஏற்றுக்கொள்வான் என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது அத்தை என்றேன். பொய் இல்லை. அந்த நாளைய வேலையை நானே கேட்டு வாங்கியது அவருக்குத் தெரியாது.

அவருடைய கால் ஏற வேண்டிய படியில் நான் என் பட்டத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டு எப்படி ஏறுவேன்? ஏறாவிட்டால் அவர் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது. காரணத்தை அத்தையிடம் சொன்னால், மாமா கடைசியாகக் கேட்ட ஒன்றையும் மீறியதாகும். ஏதாவது ஒரு பக்கம் முடிவு செய்யத் தெரியாமல் இருக்கிறேன்.

இந்த வருடத் தைப்பூசமும் போய்விட்டது. பால்குடம் எடுக்கவில்லை.