ஆரத்தித் தட்டு சுற்றும் திசை

சுங்கை பட்டாணியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன் என்று சொன்னால், கேமராவைத் தூக்கிக்கொண்டு பட்டனை அமுக்குவதுதான் என் வேலை என்று நினைக்கிறார்கள். பட்டனை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். அமுக்கி எடுத்த படத்தை ஆடவைப்பதுதான் வேலை. அதைச் செய்தது நானில்லை, அக்னஸ் அக்கா.

பரதநாட்டியம் ஆடும் பெண் மேடையில் சுழன்றிருப்பாள். படத்தில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்பாள். சிலம்பக் கம்பு காற்றைக் கிழித்திருக்கும். படத்தில் அது துணி காயப்போடுகிற கம்பு. அக்கா கணினியில் 'பாத் பிளர்' என்ற ஒன்றைத் திறப்பார். படத்தின் மேல் நீல அம்பு ஒன்று வரும். அதைப் பிடித்து வில்லாக வளைத்து, கம்பு வந்த வழியிலேயே வைப்பார். அந்த வளைவு நெடுக நிறம் இழுபட்டு, வந்த பக்கத்தில் வால்போல மெலிந்து மறையும். முகத்தை மட்டும் தொடமாட்டார். பார்க்கிறவர்கள் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள்.

அக்கா செமிலிங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் தனியாக இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. முன்பு கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில், மைக்ராஸ்கோப்பில் சிப்புகளைப் பார்த்துப் பழகிய கண். அம்மா படுத்த படுக்கையானதும் அந்த வேலையை விட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு யூடியூப்பில் கற்றுக்கொண்டதுதான் இது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு கட்டில் இருந்த இடத்துக்கு மேசை வந்தது. கல்யாணமா? மாப்பிள்ளை பார்த்தார்கள், பார்த்தார்கள், பிறகு பார்க்க வேண்டியவர்களே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், பூசை முடிந்தால் வீடு. வேலை போனில் வரும், போனிலேயே திரும்பிப் போகும்.

ஆனால் அக்காவுக்குத் தெரிந்த அளவு இந்தப் பக்கத்து ஜனங்களை வேறு யாருக்கும் தெரியாது. எல்லார் கல்யாணத்தையும் படத்தில் அவர்தான் பார்க்கிறார். எந்த மாமா யாரோடு பேசுவதில்லை, எந்தப் பெண் அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருக்கிறாள், எல்லாம் அத்துப்படி. ஒரு நாள் வாய்ஸ் நோட் அனுப்பினார்: "தம்பி, போன மாசம் பச்ச சேல கட்டிக்கிட்டு வந்தாங்கள்ல ஒரு அம்மா, இந்தக் கல்யாணத்துல ரொம்ப மெலிஞ்சு தெரியறாங்க. ஒடம்புக்கு முடியலயா?"

எனக்கு அந்த அம்மா யாரென்றே தெரியாது. "நல்லா இருக்காங்கக்கா" என்று ஒரு போடு போட்டேன். "அப்பாடா" என்று பதில் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் ராக்காயி அக்கா வந்தார். செர்டாங்கிலிருந்து ஒரு சனிக்கிழமை, போர்வையில் சுற்றிய பெரிய கேன்வாஸ் படத்தோடு கடைக்குள் நுழைந்தார். அவருடைய தம்பி யோகேந்திரனின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கி மணவறையில் உட்காரவைத்தவர். ஆரத்தி எடுத்ததும் அவரே. நான் மணவறைக்குள் பக்கவாட்டில் நுழைந்து, மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாக அதை எடுத்திருந்தேன். தட்டில் எரியும் சூடம், அதற்குப் பின்னால் ராக்காயி அக்காவின் முகம். அக்னஸ் அக்கா அந்தச் சுடரை வட்டமாக இழுத்து, பொன்னிறத்தில் ஒரு வால் கொடுத்திருந்தார். எடுத்த எனக்கே பெருமையாக இருந்தது.

"என்னா தம்பி இது?" என்றார்.

"ஆரத்தி படம்க்கா. அழகா வந்திருக்குல்ல?"

"அழகுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. வாலு எந்தப் பக்கம் கெடக்கு, பாரு. தட்டு இடமா சுத்துது லா! சாவு வீட்ல கொள்ளிக்கொடம் தூக்கிக்கிட்டு சுத்துற சுத்து. என் தம்பிக்கு நானே அப்படி சுத்துவேனா?"

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அக்னஸ் அக்கா ஏனோதானோ என்று செய்கிறவர் இல்லை. வேலையைத் தொடங்கும் முன்பே, "ஆரத்தி கடிகாரம் சுத்துற மாதிரிதானே தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். படத்துக்குள் கடிகாரம் சுற்றுவதுபோலவே சுற்றிவிட்டார். ஆனால் நான் நின்றது பொண்ணு மாப்பிள்ளை பக்கத்தில். ஆரத்தி எடுக்கிறவருக்கு வலமாகச் சுற்றும் தட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இடமாகத்தான் தெரியும்; படத்திலும் இடமாகத்தான் இழுத்திருக்க வேண்டும். அது எனக்கும் உறைக்கவில்லை. படத்தில் கை வைத்தது அக்னஸ் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

"இதப் பண்ண பொம்பள இனிமே யாரு கல்யாணத்துலயும் கை வைக்கக் கூடாது. அவளுக்கே வேல குடுத்தீனா, கூலிம் வரைக்கும் எங்க ஆளுங்க ஒருத்தனும் உன் கடைப் படி ஏற மாட்டான், சொல்லிட்டேன்."

"சரிக்கா" என்றேன். வியாபாரி வேறு என்ன சொல்வான்?

படத்தைத் தன் கண்ணெதிரே மாற்றினால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்தார். அவரையும் படத்தையும் காடியில் ஏற்றி செமிலிங்குக்கு ஓட்டினேன். இதுதான் கடைசி வேலை என்பதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை. வேலை நின்றால் அக்காவின் சோறு நிற்காது, கேக் செய்து விற்றாவது பிழைத்துக்கொள்வார். மனிதர்கள் நின்றுபோவார்கள். பச்சைச் சேலை அம்மா தேறினாரா இல்லையா என்று அவர் எங்கே போய்ப் பார்ப்பார்?

அக்னஸ் அக்கா கம்பிக் கதவைத் திறந்தார். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. இன்னொன்றின் மேல் துணிக்குவியல். அதை அள்ளி உள்ளே போட்டார். மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். ராக்காயி அக்கா அதைத் தொடவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அக்னஸ் அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"மன்னிச்சுக்குங்கக்கா. நான் எத்தனையோ கல்யாணத்துல பார்த்திருக்கேன். ஆனா கூட்டத்தோட நின்னுதான் பார்த்தது. ஆரத்தி எடுக்கிறவங்க முதுகுதான் தெரியும். அந்தப் பக்கம் ஒக்காந்தவங்களுக்கு எப்படித் தெரியும்னு..."

ராக்காயி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "தட்டு இருக்கா?" என்றார்.

எவர்சில்வர் தட்டு வந்தது. சூடம் இல்லாத வீடு. மாதா படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து ஏற்றினோம்.

"நீ இப்படி ஒக்காரு. நீதான் பொண்ணுன்னு வெச்சுக்க."

"நானா?"

"பின்ன யாரு, இந்த மீசக்காரனா? ஒக்காரும்மா."

அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தட்டு அவருடைய வலப்பக்கமாக ஏறி, நெற்றிக்கு மேலே வந்து, இடப்பக்கமாக இறங்கியது. மெழுகு வெளிச்சம் அந்த முகத்தில் ஏறி இறங்கியது.

அக்னஸ் அக்கா எழுந்துபோய் மேசை முன்னால் உட்கார்ந்தார். நீல அம்பைத் திருப்பி, வளைத்து, வாலை மறுபக்கம் கொண்டுவந்தார். ராக்காயி அக்கா குனிந்து பார்த்தார். அவருடைய கை தானாகவே காற்றில் ஒரு சுற்று சுற்றியது.

"ஆங், இதான் என் கை. வேல சுத்தமாத்தான் இருக்கு." என் பக்கம் திரும்பினார். "கடையில நான் சொன்னத மறந்துரு தம்பி. இவளே பண்ணட்டும்." ஆறிப்போன மைலோவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

எனக்குப் போன உயிர் வந்தது. காடிச் சாவியை எடுத்தேன்.

"அக்கா," என்றார் அக்னஸ் அக்கா, திரையைப் பார்த்தபடியே. "எனக்கு இன்னும் சரியாப் பிடிபடல. இன்னொரு தடவ காட்டுறீங்களா?"

திரையைப் பார்த்தேன். படத்தில் குறை ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். நான் வாயைத் திறப்பதற்குள் ராக்காயி அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அணைந்திருந்த மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினார்.

"நல்லா சாஞ்சு ஒக்காரு" என்றார்.

இந்த முறை அவசரமே இல்லை. தட்டு மெதுவாகச் சுற்றியது, ஒரு சுற்று, இரண்டு, மூன்று. சுற்றும் திசையைப் பார்க்க வேண்டிய அக்னஸ் அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.