என்னைப் பார்க்காமல் போகாதே

ஓடுகிற பஸ்சில் உட்கார்ந்திருப்பவனின் தலையைத் திருப்பாத சுவரொட்டி வெறும் காகிதம்தான் என்பார் என் சித்தப்பா. போடியில் கடைப் பலகைகளும், மலைமேல் எஸ்டேட்டுகளுக்கு அறிவிப்புப் பலகைகளும் எழுதுவது அவர் தொழில். எனக்கு ஒன்பது வயதானபோது, திருவிழாவில் நடக்கவிருந்த பேய் நாடகத்துக்குச் சுவரொட்டி வரையும் வேலை அவருக்கு வந்தது.

எழுத்து குறைவாக இருக்க வேண்டும், முகம் பெரிதாக இருக்க வேண்டும், நிறம் மூன்றைத் தாண்டக் கூடாது. கறுப்பில் ஒரு பெண்ணின் முகம் வரைந்தார். கண்களுக்கு மட்டும் மஞ்சள். அடியில் சிவப்பில், 'என்னைப் பார்க்காமல் போகாதே'. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நடந்து பாரு ஆத்தா" என்றார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன்.

"பாக்குறாளா?"

"கூடவே வர்றா சித்தப்பா."

அவருக்குத் திருப்தி. மீதி ஒன்பது தாள்களிலும் அதே முகத்தை வரைந்தார். முதல் படத்தை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸ்டாண்டிலிருந்து போடிமெட்டுவரை ஒட்டியாயிற்று. மூன்றாம் நாள் குரங்கணியிலிருந்து ஜீப்பு ஓட்டுகிறவர் வந்தார். "அண்ணே, உங்க படம் இருக்கிற எடத்துல ஒரு பொம்பளகூட வண்டி ஏற மாட்டேங்குறா. முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு தள்ளிப் போயி நிக்கிறாளுக" என்றார். இதைவிட ஒரு சுவரொட்டிக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்? நான் சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். தோட்டத்து ஆள் என்பது அவர்மேல் அடித்த ஏலக்காய் வாசத்திலேயே தெரிந்தது. கையில் பக்குவமாகப் பிய்த்தெடுத்த சுவரொட்டி. பின்பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"இது எந் தங்கச்சிண்ணே," என்றார். "ரெண்டு வருசத்துக்கு முன்னால மலையில ஆத்து வெள்ளத்தோட போயிட்டா. வீட்டுல ஒரு போட்டோகூடக் கெடையாது. நீங்க எப்படி வரஞ்சீக?"

"நானா நெனச்சு வரஞ்சது" என்றார் சித்தப்பா.

அந்த ஆள் விரலைப் படத்தின் காதோரம் வைத்தார். "இந்தத் தழும்பு? சின்னதுல நான் கல்ல விட்டெறிஞ்சு வந்ததுண்ணே."

"பிரஷ் வழுக்கிருச்சு."

பிரஷ் வழுக்கவில்லை. பத்துத் தாளிலும் அந்தக் கோட்டை அவர் இருப்பதிலேயே மெல்லிய பிரஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அடுக்களை வாசலில் நின்றிருந்த சித்தி உள்ளே போனாள்.

அந்த ஆள் படத்தைத் தனக்கே தரச் சொல்லிக் கேட்டு, சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். சித்தப்பா அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் கிழிக்கக் கிளம்பினார். திரும்பி வந்தபோது நகக்கண்ணெல்லாம் ரத்தம்.

செத்துப்போனவள் அவர் கைக்குள் புகுந்து தன்னைத்தானே வரைந்துகொண்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பல நாள் அவர் தொட்ட தம்ளரை நான் தொடவில்லை. சித்தியும் அன்றிலிருந்து அவர் தட்டை எட்ட நின்று தள்ளி வைத்தாள். தன் பாயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் விரித்துக்கொண்டாள். அவளுக்கும் பேய்ப்பயம்தான் என்று எண்ணி, இருட்டில் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.