காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

எங்கள் அண்ணிக்கு முப்பத்தெட்டாவது வயதில் படிப்பு ஆசை வந்தது. வரட்டும், நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். அழகுக் கலைப் படிப்பு என்றதும், வீட்டில் யாருடைய தலை உருளப்போகிறது என்று அந்த நிமிடமே தெரிந்துபோயிற்று. அண்ணனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை, வீட்டில் தங்குவதே அபூர்வம். மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. கல்யாணம் ஆகாத நாத்தனார், இடுப்பு வரை முடி. தப்பிக்க வழியே இல்லை.

அதுவரை அண்ணி ஒரு துணிக் கம்பெனியில் சட்டை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடம் அதே வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள். அண்ணனின் சிநேகிதர் கிடங்கில் அதே மடிக்கிற வேலை தயாராக இருந்தது. அண்ணி போகமாட்டேன் என்றாள்.

"இன்னொரு சட்டையை மடிக்கச் சொன்னா நான் அந்தப் பெட்டிக்குள்ளயே படுத்துக்குவேன்."

அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னான். "ஒரு வருஷம். பாஸ் பண்ணினா உன் இஷ்டம். இல்லேன்னா முணுமுணுக்காம கிடங்குக்குப் போயிடணும்."

"சரி" என்றாள் அண்ணி. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

பயிற்சி நிலையம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டு அறை, எட்டுக் கண்ணாடி. முதல் மாதம் கத்தரிக்கோலைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. சீப்பைக் கழுவு, மருந்துத் தண்ணீரில் ஊறப்போடு, துண்டை வெந்நீரில் அலசு. நடுவில் தோலுக்கு எத்தனை அடுக்கு, நகத்துக்கு என்னென்ன நோய், முடி எப்படி வளருகிறது என்று பாடம். ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணி நகச்சொத்தை பற்றி ஒப்பிப்பாள், சோறு தொண்டையில் இறங்காது.

"சீப்பு கழுவறதுக்கு ஒரு மாசப் படிப்பா அண்ணி?"

"ஒரு பேன் போதும்டி கடையை இழுத்து மூட" என்றாள்.

ஒரு நீல நோட்டு கொடுத்திருந்தார்கள். இத்தனை முடிவெட்டு, இத்தனை ஃபேஷியல், இத்தனை புருவம் என்று வரி வரியாக இருக்கும். ஒவ்வொன்றையும் செய்துகாட்டி டீச்சரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லா வரியும் நிரம்பினால்தான் பரீட்சைக்கே உட்கார விடுவார்கள்.

வீட்டில் பழகுவதற்கு முடி வைத்த ஒரு பொம்மைத் தலையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசை விளிம்பில் முடுக்கி வைத்தாள். விடிகாலையில் வேலை முடிந்து வந்த அண்ணன் அதைப் பார்த்து அலறிய அலறலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அதற்கு ஊமைச்சி என்று பெயர் வைத்தது அண்ணிதான்.

"பாரு, எவ்வளவு இழுத்தாலும் வாயைத் திறக்கறாளா? நீயும் இருக்கியே, வாயாடி!"

வீட்டில் என் பெயர் அதுதான். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. வாய் வீங்கிப் பேச முடியாமல் வருகிறவர்களுக்கு நடுவில் பத்து வருடம் உட்கார்ந்தால், எல்லார் பேச்சையும் நாமே பேசுகிற பழக்கம் வந்துவிடும். நான் என்ன செய்ய?

பொம்மைக்கு முடி வளராது. மூன்றே மாதத்தில் ஊமைச்சி மொட்டையாகிவிட்டாள். பிறகு நான்தான். இடுப்பில் இருந்த முடி முதுகுக்கு ஏறியது, முதுகிலிருந்து தோளுக்கு. ஒருமுறை நூல் தவறி ஒரு புருவம் மட்டும் மேலே போய்விட்டது. ஒரு மாதம் முழுக்க வந்தவர்களையெல்லாம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே டோக்கன் கொடுத்தேன். கத்தினேன், சண்டை போட்டேன், அவள் சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்று இரண்டு வேளை பட்டினிகூடக் கிடந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். எட்டாவது மாதம் அவள் கை என் தலையில் பட்டால் எனக்குத் தூக்கம் வந்தது. கத்தரிக்கோல் சத்தம் ஒரே சீராக ஓடும். பதினான்கு வருடம் சட்டையின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்த கை அல்லவா!

பரீட்சைக்கு ஆளை நாமே கூட்டிப்போக வேண்டும். ஒரே தலையில் முடிவெட்டு, ஃபேஷியல், தலைச்சாயம் மூன்றும் செய்துகாட்ட வேண்டும். சாயத்துக்கு ஒரு விதி உண்டு. இரண்டு நாள் முன்னதாகவே காதுக்குப் பின்னால் துளி சாயத்தைப் பொட்டு மாதிரி வைத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தத் தலையில் சாயம் படக்கூடாது. ஒன்றும் வரவில்லை என்றால், அப்படியே எழுதிய ஓர் அட்டையில் அந்த ஆள் கையெழுத்துப் போட வேண்டும்.

புதன்கிழமை பரீட்சை. திங்கள் காலை அண்ணி எனக்குப் பொட்டு வைத்தாள். மதியம் அரிக்க ஆரம்பித்தது. சாயங்காலம் தடிப்பு. அடுத்த பரீட்சை நான்கு மாதம் கழித்துத்தான், அதற்குள் அண்ணன் கொடுத்த வருடம் முடிந்துவிடும். என் காதால் அண்ணி கிடங்குக்குப் போவதா? நான் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய் முழுக்க முடியைக் காது மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். அண்ணி காதைத் தொட வந்தபோது, "நேத்துலேருந்து எத்தனை தடவை கேப்பீங்க, ஒண்ணுமில்ல" என்று எரிந்து விழுந்தேன். அட்டையில் கையெழுத்தும் போட்டேன். புதன் காலை காதுக்குப் பின்னால் அப்பு அப்பென்று பவுடர் அப்பிக்கொண்டேன்.

முடிவெட்டு பிரமாதமாக முடிந்தது. பரீட்சை நடத்த வந்த அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கி, சீப்பால் அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அடுத்தது ஃபேஷியல். அண்ணி ஈரப் பஞ்சால் நெற்றி, கன்னம், கழுத்து என்று துடைத்துக்கொண்டே வந்தாள். நான் காதுப் பக்கத்தை மறந்தே போனேன். பஞ்சு வெள்ளையாகத் திரண்டு வந்தது. அண்ணி என் காதை மடக்கினாள்.

"என்ன இது?"

"கொசு."

"நான் பொட்டு வச்ச அதே இடத்துல, அதே வட்டத்துலயா கொசு கடிச்சுது?"

"போடுங்க அண்ணி" என்றேன் மெதுவாக. "அரை மணி நேரந்தானே, நான் தாங்கிக்கறேன். யாருக்கும் தெரியாது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீயும் ஊமைச்சி ஆயிட்டியாடி?" என்றாள்.

ஃபேஷியலைக் கடைசி வரை ஒழுங்காக முடித்தாள். அப்புறம் கையைக் கழுவிவிட்டு அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காதைக் காட்டினாள்.

"கலர் போடலேன்னா அந்தப் பகுதிக்கு நான் மார்க் போட முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்மா."

அந்த அம்மா எழுதிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். மற்ற ஏழு பேரும் கிண்ணத்தில் சாயம் கலக்க, அண்ணி என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல் இருந்தது.

வெளியே வந்ததும் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "திங்கக்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதா? இப்படி ஏதாவது ஆகும்னுதானே வேற ரெண்டு பேருக்கு முன்னாடியே பொட்டு வச்சுத் தயாரா வச்சிருந்தேன்!"

என் அரிப்பு அவளைத் தோற்கடிக்கவில்லை. நான் வாயை மூடியதுதான் தோற்கடித்தது. பத்து நாளில் முடிவு வந்தது. ஆறு மார்க்கில் போய்விட்டது.

"கலர்ல விட்டுட்டேன்" என்று மட்டும் அண்ணனிடம் சொன்னாள். என் பெயரை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிடங்குக்குக் கட்டிப்போகும் புடவைக்கு இஸ்திரி போட்டாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அண்ணன் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஊர்க்கதையெல்லாம் பேசுவே, இதைப் பேச வாய் வரலையா உனக்கு?" என்றான் அண்ணன். அழுதேன். பிறகு அவன் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான்.

"என் தலை சும்மாதானே இருக்கு? இன்னும் நாலு மாசம் படி."

நான்கு மாதத்தில் அண்ணன் தலை சினிமாக்காரன் தலை மாதிரி ஆகிவிட்டது. பொட்டு வைத்த இரண்டு நாளும், "அரிக்கற மாதிரி இருக்கு பாரு" என்று மணிக்கொரு தரம் காதை நீட்டினான். அரிக்கவே இல்லை, பயம்தான். பரீட்சைக்கு அதே அம்மா வந்திருந்தார். கத்தரிக்கோலை எடுக்கும் முன்பே அண்ணனின் காதை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கச் சொன்னாராம். அண்ணி பாஸ்.

பாஸ் ஆனதும் நாற்காலி கிடைத்துவிடவில்லை. பத்து நாற்காலி உள்ள ஒரு பார்லரில் எட்டு மாதம் தலை அலசும் தொட்டி, பெருக்குமாறு, ஈரத் துண்டு. விரல் இடுக்கெல்லாம் புண். நாற்காலிக்காரி ஒருத்தி பிரசவத்துக்குப் போனபோது அந்த நாற்காலி அண்ணிக்கு வந்தது. ஐந்து வருடம் கழித்து இரண்டு கண்ணாடி வைத்துச் சொந்தக் கடை போட்டாள். நான் கிளினிக்கை விட்டுவிட்டு இங்கே வந்து, யார் எப்போது வரவேண்டும் என்று எழுதுகிறேன்.

சாயம் என்று வருகிறவர்களுக்கு இரண்டு நாள் முன்னால் பொட்டு. அட்டையில் கையெழுத்து வாங்குவதும் நான்தான். ஆனால் அண்ணி அந்த அட்டையைப் பார்ப்பதே இல்லை, காதைத்தான் பார்ப்பாள்.

எனக்கு இப்போது நாற்பத்து மூன்று. முன் தலை நன்றாகவே நரைத்துவிட்டது. போன வாரம் புதிதாக வந்த ஒரு அம்மா கேட்டாள். "கலர் போடற கடையில உக்காந்துக்கிட்டு, உங்க நாத்தனாருக்கு ஒரு கலர் போட்டுவிடக் கூடாதா?"

"அது பொய் சொன்ன தலைங்க" என்றாள் அண்ணி.

அந்த அம்மா சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். மனசுக்குள் சுருக்கென்றது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடை மூடும் நேரத்தில் அண்ணி என்னை உட்காரவைத்து நுனி வெட்டினாள். வெறும் நுனி வெட்டுதான், சாயமும் இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தாலும் எப்போதும் போல முதலில் என் இரண்டு காதையும் மடக்கிப் பார்த்தாள்.

"அரிக்குதா?"

"இல்ல அண்ணி."

"நிஜமா?"

"ஊமைச்சி மேல சத்தியமா."