பஞ்சு இல்லாத வளைவு

அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தவர்கள், அவரோடு வேலை செய்த லிஃப்ட் மெக்கானிக்குகள். எடை நூறு கிலோவைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. லிஃப்டைப் பழுது பார்த்து முடித்ததும் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கென்று இரும்புக் கட்டிகள் கிடங்கில் இருக்கின்றன. அவற்றை வேனில் ஏற்றி, இறக்கி, முதுகை ஒடித்துக்கொள்வதைவிடப் பஞ்சுவை உள்ளே நிற்க வைத்துக் கதவைச் சாத்துவது சுலபம். மேலே மோட்டார் அறையிலிருந்து, பாரம் ஏறியாச்சா என்று குரல் வரும். ஏறியாச்சு, மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு என்று பஞ்சு பதில் சொல்வார். இந்த வேடிக்கை அவருக்குச் சலித்ததே இல்லை. தன் உடம்பு ஏதோ ஒரு விதத்தில் உதவுகிறது என்ற எண்ணம் அவருக்குப் பிடித்திருந்தது.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அவளுடைய தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன் வாத்தியார். அக்காவும் அப்படியே கூப்பிட்டாள்.

கல்யாணம் ஆன புதிதில் மாமாவும் மச்சானும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, வெயில் எப்படி என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். பதில் கிடைத்ததும் பேச்சு தீர்ந்துவிடும். இருவரும் சுவரைப் பார்ப்பார்கள். அந்த மௌனம் தாங்காமல் அவள் காபி போடப் போய்விடுவாள். அவர்களைப் பேச வைத்தது ஒரு கார்தான். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, ஃபைபர் உடம்பு. எஞ்சின் முன்னால், வண்டியைத் தள்ளுவது பின் சக்கரங்கள். யாரோ மோதிவிட்டுத் துணி போர்த்தி வைத்திருந்ததை வாத்தியார் வாங்கி வந்தான். பஞ்சு அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதை என் சட்டைப் பையிலயே வெச்சு எடுத்துட்டுப் போயிடலாமே என்றார். மறுநாளே ஸ்பானர் பெட்டியுடன் வந்து நின்றார். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் கார்தான். வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

கார்ப் பிரியர்களின் சங்கம் ஒன்று, ஆண்டுக்கு ஒரு முறை மலைப்பாதையை மூடிப் போட்டி வைத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக மேலே ஓட விடும். ஓட்டுபவர் மட்டும்தான் வண்டியில் இருக்கலாம். பாதையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு உண்டு. ஏற்றமும் திருப்பமும் ஒன்றாகச் சேரும் இடம். மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டு ஏறிப் போகும். வாத்தியாரின் கார் மட்டும் பாதி வளைவில் ஓலமிடும், ரப்பர் நாற்றம் வரும், வண்டி நகராது. பின் சக்கரம் வழுக்கி வெறுமனே சுற்றும். மேலே போய்ச் சேர்வதற்குள் வாத்தியாரின் முகம் தொங்கிவிடும்.

குழப்பம் என்னவென்றால், மற்ற நாளெல்லாம் வண்டி தங்கமாக ஓடும். குளிர்பதனக் கிடங்கின் பின்னால், லாரிகள் திரும்புவதற்கென்று சாய்வான சிமெண்ட் தளம் ஒன்று இருந்தது. ஞாயிறு அங்கே ஈ காக்கை இருக்காது. கிடங்குக் காவலாளியின் மகனுக்கு வாத்தியார் இலவசமாக ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்ததால் கேட் திறக்கும். பழைய லாரி டயர்களை அடுக்கி, மலைப்பாதை வளைவைப் போலவே ஒன்றை அமைத்திருந்தார்கள். அதே ஏற்றம், அதே இடத் திருப்பம். அங்கே சக்கரம் ஒருநாளும் சண்டித்தனம் செய்ததில்லை. சத்தம் கேட்பதற்காகப் பஞ்சு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். லிஃப்ட் வேலையில் பாதி, காதால் செய்வது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வாத்தியார் இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பான். பஞ்சு கட்டைவிரலைத் தூக்குவார்.

முதல் தோல்விக்குப் பிறகு மிருதுவான டயர் போட்டார்கள். தளத்தில் அட்டகாசமாக இருந்தது. மலையில் வழுக்கியது. காற்றைக் குறைத்தார்கள். தளத்தில் இன்னும் அட்டகாசம். மலையில் இன்னும் வழுக்கல். பின்பக்கம் கனமில்லாததுதான் கோளாறு என்று டிக்கியில் மணல் மூட்டை வைத்துப் பார்த்தார்கள். நேராகப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது வால் தனியாகச் சுற்றுலா கிளம்பியது. மூட்டையை இறக்கினார்கள்.

டயர் கடைக்காரர் வேறொன்று சொன்னார். வளைவில் உடம்பு சாய்கிறது, அதை நிறுத்த வேண்டும், பின்னால் தடிமனான ஸ்டெபிலைசர் கம்பி போடுங்கள் என்றார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் அடியில் இணைத்து, வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் கம்பி அது. பின்னால் ஏற்கெனவே மெல்லியதாக ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, பஞ்சு தன் கையால் அளவெடுத்து, வளைத்து வாங்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டினார். தளத்தில் வண்டி தண்டவாளத்தில் போவதைப் போலப் போனது. இனிமேல் மலையே வழி விடும் என்று இருவரும் நம்பினார்கள். அந்த ஆண்டுதான் மகா மோசம். வளைவில் வண்டி நின்றே போய்விட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

வாத்தியார் திரும்பி வந்து, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்.

"கோளாறு வண்டியில இல்ல மாமா. என்கிட்டதான். இத்தனை வருஷமா பக்கத்துல ஒரு ஆள் இல்லாம நான் கார்ல உக்காந்ததே இல்ல. தினம் யாராவது இருப்பாங்க. ஞாயித்துக்கிழமைன்னா நீங்க. தனியா போனா கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பஞ்சு சொல்லலாம்தான். ஆனால் அவன் சொன்னது பொருந்தி வந்தது. அவர் கூட இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் ஓடவில்லை. பயம் இல்லையென்றால் வேறு என்ன? அன்றிரவு மனைவியிடம், உன் தம்பிக்கு நான் என்ன தாயத்தா என்று கேட்டார். இந்த சைஸ்ல தாயத்துக் கட்டினா கழுத்தே ஒடிஞ்சிடும் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாத்தியார் காரை விற்க முடிவு செய்தான். கேட்டுக்கொண்டே இருந்த பல் டாக்டர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தான். ஞாயிறு மாலை கிடங்குத் தளத்துக்கே வந்து ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்த வாரம் முழுக்கப் பஞ்சுவுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. காரில்லாத ஞாயிற்றுக்கிழமையில் சோபாவும் சுவரும் கண்முன் வந்து நின்றன. கவனம் எங்கோ இருக்க, லிஃப்ட் கதவின் ஸ்பிரிங் தெறித்து முழங்காலில் அடித்தது. கால் வீங்கி, கட்டுப் போட வேண்டியதாயிற்று.

ஞாயிறு அன்று மூவருமே போனார்கள். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மனைவியும் வந்திருந்தாள். வண்டியை ஒப்படைப்பதற்கு முன்னால் நாலு சுற்று ஓட்ட வேண்டும் என்று வாத்தியாருக்கு ஆசை. வழக்கம்போல் பஞ்சு இடப்பக்கம் போனார். ஆனால் அவ்வளவு தாழ்வான காரில் மடக்க முடியாத காலை எங்கே வைப்பது? ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று கொஞ்ச நேரம் திண்டாடினார்.

"நகருங்க, நான் உக்காருறேன்," என்றாள் மனைவி. "இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது இந்த மகாராணி சீட்டுல உக்காந்து பார்க்கலாமான்னு யாராவது என்னைக் கேட்டீங்களா?"

இருவருமே கேட்டதில்லை. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆள் ஒல்லி. உட்கார்ந்ததே வண்டிக்குத் தெரியவில்லை.

பஞ்சு நொண்டிக்கொண்டே போய், டயர் அடுக்குக்கு உள்பக்கமாக நின்றார். கார் ஏற்றத்தில் வந்தது. திரும்பியது. பாதி வளைவில் ஓலமிட்டது. ரப்பர் புகை கிளம்பியது. மலையில் கேட்ட அதே சத்தம்.

வாத்தியார் வண்டியை நிறுத்திவிட்டு வெளிறிப்போய் இறங்கினான். பக்கத்தில் அக்கா இருக்கிறாளே, தனியாகவும் போகவில்லையே, பிறகு ஏன் இப்படி? அவனுக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பயமா இருந்துச்சு, ஆனா சக்கரத்தைச் சுத்தச் சொன்னது நானில்ல என்றாள் அக்கா.

தான் கண்டதைப் பஞ்சுவால் நம்ப முடியவில்லை. இத்தனை காலம் அவர் இந்தக் காரின் உள்ளே உட்கார்ந்து சத்தம் கேட்டிருக்கிறார். போட்டி நாளில் மலையடிவாரத்தில் வாத்தியாரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வளைவில் வண்டி திரும்புவதை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். வண்டி வலப்பக்கம் சாய்ந்தபோது, உள்பக்கம் இருந்த இடது பின் சக்கரம், கம்பத்தைக் கண்ட நாய் காலைத் தூக்குவதைப் போலத் தரையை விட்டு எழும்பியது. தரையைத் தொடாத சக்கரம் சுற்றாமல் என்ன செய்யும்? எஞ்சினின் பலம் முழுக்க, தடையில்லாமல் சுற்றுகிற அந்தச் சக்கரத்துக்கே போய்விட்டது. தரையில் இருந்த மற்ற சக்கரம் சும்மா வேடிக்கை பார்த்தது.

"மாப்ள, இன்னொரு தடவை அதே மாதிரி போ," என்றார். போனான். சக்கரம் மறுபடியும் எழும்பியது.

பஞ்சு ஒரு லாரி டயர்மேல் உட்கார்ந்தார். காலியான லிஃப்டின் பிரேக்கைத் தளர்த்தினால் அது கீழே விழாது, மேலேதான் போகும். எதிர்ப்பக்கம் தொங்கும் பாரம் அதை இழுத்துக்கொள்ளும். இதை அவர் எத்தனையோ கட்டடக் காவலாளிகளுக்கு விளக்கியிருக்கிறார். யாரும் சட்டென்று நம்பியதில்லை. இன்றுதான் அவருக்கே நம்ப முடியாமல் இருந்தது. வாரம் முழுக்கத் தன்னைப் பாரமாகக் கணக்கில் வைத்துப் பிழைப்பு நடத்துகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன்னைக் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறார். மச்சானின் தைரியம் என்று நினைத்தது தாயத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. இடது பின் சக்கரத்துக்கு நேர் முன்னால் உட்கார்ந்து அதைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

"நான்தான்டா," என்றார். "நான் உக்காந்திருந்ததால அது தூக்கல."

வாத்தியார் புரியாமல் விழித்தான். பஞ்சு மறுபடி சொன்னார். அக்காவுக்கு முதலில் புரிந்துவிட்டது. கைப்பையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வாத்தியாருக்குப் புரிந்ததும் கோபப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் பானட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்போ எனக்குப் பயம் இல்லையா மாமா?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா சக்கரத்துக்கு உன் பயத்தைப் பத்திக் கவலை இல்ல."

சரி, பஞ்சுவைப் போட்டிக்கு ஏற்றிக்கொண்டு போக முடியாது. அப்படியானால் அந்தச் சக்கரத்தைத் தூக்குவது எது? மறுபடியும் குழப்பம். வலப்பக்கம் சாயும்போது இடப்பக்கத்தை எது மேலே இழுக்கிறது? பஞ்சு கட்டுப் போட்ட காலை நீட்டி, தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் பார்த்தார். அவரே வளைத்து வாங்கிப் பெயிண்ட் அடித்த கம்பி அங்கே பளபளவென்று இருந்தது. வலது சக்கரம் உடம்புக்குள் அமுங்கும்போது, கம்பி முறுக்கிக்கொண்டு இடது சக்கரத்தையும் கூடவே மேலே இழுக்கிறது. வண்டி சாயாமல் இருக்கப் போட்ட கம்பி, ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறது. முன்பு மெல்லிய கம்பியில் கொஞ்சமாக வழுக்கியது, தடிமனானதைப் போட்டதும் நின்றே போனது. இப்போது இரண்டும் பொருந்தின. அவ்வளவு ஆசையாகச் செய்த கம்பி ஆயிற்றே என்று தோன்றியதால், போல்ட்டில் ஸ்பானரை வைக்கக் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு கழற்றினார்.

"போ. தனியா."

வாத்தியார் உட்கார்ந்து, பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான். காலி இருக்கை. கியர் போட்டான்.

கார் ஏற்றத்தில் வந்தது. திரும்பியதும் படகைப் போல வலப்பக்கம் சாய்ந்தது. பார்க்கவே பயமாக இருந்தது. ஐயோ கவுந்துடும் என்றாள் அக்கா. கவிழவில்லை. இடது பின் சக்கரம் தரையிலேயே இருந்தது. லேசாக ஒரு கீச்சு, அவ்வளவுதான். வண்டி வளைவை விட்டு ஏறிப் போனது. சுற்றி வந்து இன்னொரு தடவை போனது. மூன்றாவது தடவை இன்னும் வேகமாக.

அப்போது கேட்டில் பல் டாக்டரின் கார் வந்து நின்றது. டாக்டர் இறங்கி வந்து, கையில் கம்பியோடு உட்கார்ந்திருந்த பஞ்சுவிடம் வணக்கம் சொன்னார். எதையாவது உடைத்துவிட்டீர்களா என்று கவலையாக விசாரித்தார்.

"கழட்டினோம், டாக்டர். கழட்டினதும் நல்லா ஓடுது. சொன்னா நம்ப மாட்டீங்க."

வாத்தியார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு, விற்கவில்லை என்றான். வீணாக அலைய வைத்துவிட்டேன் என்றும், அவருடைய மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது தன் பொறுப்பு என்றும் சொன்னான். டாக்டர் காரையும், கம்பியையும், மூவரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். யாருடைய முகத்திலும் அவருக்கு விளக்கம் கிடைக்கவில்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

"ஏறுங்க மாமா, ஒரு சுத்து போயிட்டு வரலாம். எப்படியாவது காலை மடக்குங்க."

பஞ்சு எழுந்தார். கதவு வரைக்கும் போனார். கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்டா. நான் ஏறினா எது கம்பி, எது நான்னு மறுபடியும் தெரியாமப் போயிடும். நீ போ."

அவன் போனான். அப்போ ஞாயித்துக்கிழமை இனிமே உங்களுக்கு என்ன வேலை என்று மனைவி கேட்டாள். அவர் அதை யோசித்திருக்கவில்லை. லாரி டயர்மேல் திரும்பவும் உட்கார்ந்தார். அது அவருக்காகக் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது. கார் வளைவில் சாய்ந்து வந்தது. வாத்தியாரின் தலை வழக்கம்போல் இடப்பக்கம் திரும்பியது. இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் அதையும் தாண்டி, டயர் அடுக்கின் பக்கத்தில், பஞ்சு இருந்தார். சத்தம் எப்படி என்று அவன் புருவம் கேட்டது.

வெளியிலிருந்து கேட்கும்போது அந்தச் சத்தம் முற்றிலும் வேறாக இருந்தது. நல்ல சத்தமா, கெட்ட சத்தமா என்று பஞ்சுவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டைவிரலைத் தூக்கினார்.