முன்சீட்டு ஓட்டுகள்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு, இந்தத் தொகுதியில் இந்தச் சாதி இவ்வளவு, அந்த அலை, இந்த அலை என்று அளந்து விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் பத்திரிகைக்காரிதான். அப்படியெல்லாம் எழுதிச் சம்பளம் வாங்கியவள்தான். ஆனாலும் ஓட்டு என்றால் என்னவென்று எனக்குப் பாடம் நடந்தது எங்கள் ஊர் தேவாரத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அங்கே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த பஸ்?" என்பதுதான். என்ன படிக்கிறாய் என்பதெல்லாம் அப்புறம். தேவாரம் பஸ், கம்பம் பஸ், காமயகவுண்டன்பட்டி பஸ் என்று ஆளுக்கொரு நாடு. சண்டை வந்தாலும் பஸ் பஸ்ஸாகத்தான் வரும், கிரிக்கெட் ஆடினாலும் பஸ் பஸ்ஸாகத்தான் ஆடுவார்கள். மாணவர் பேரவைத் தேர்தலும் அப்படியே. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு வேட்பாளர். அவர் யார் என்பதைப் பின்படிக்கட்டில் தொங்குகிறவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். முன்பாதியில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஓட்டுப் போடும் நாள் காலையில் மட்டும் பின்னாலிருந்து கைமாறிக் கைமாறி ஒரு மிட்டாய் பாக்கெட் முன்னால் வந்து சேரும். எங்களுக்கு அதுதான் தேர்தல் அறிக்கை. வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவோம்.

பின்படிக்கட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருத்தி புத்தகத்தை அணைத்துக்கொண்டு ஓடி வருவது தெரிந்தால் தகரத்தை அடித்து வண்டியை நிறுத்துவார்கள். கண்டக்டர் முறைத்தால், "அண்ணே, நம்ம பஸ் பிள்ளைண்ணே, ஏறட்டும்ணே" என்று கெஞ்சுவார்கள். நம்ம பஸ் பிள்ளை என்று கேட்கும்போது எனக்குள்ளும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது உண்டு.

கோம்பையில் ஏறுகிற என் சிநேகிதி வேதியியல் படித்தாள். அவளுடைய ஆய்வக வகுப்பு முடிவதற்குள் சாயங்கால பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்த பஸ் நன்றாக இருட்டிய பிறகுதான். அதில் வர எங்கள் வீடுகளில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கையில் கொடுத்த உப்பு என்ன உப்பு என்று கண்டுபிடிக்கிற சோதனையில் பாதியில் கையைக் கழுவிவிட்டு ஓடி வருவாள்.

"என்ன உப்புன்னு தெரிஞ்சுச்சாடி?" என்று கேட்டால், "தெரியிறதுக்குள்ள வண்டிய எடுத்துருவாகளே" என்பாள்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அதற்கு முந்தைய வருடம் செய்முறைத் தேர்வில் அவள் தோற்றதற்கு அந்த பஸ்தான் காரணம். மேலே எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு வருடமாகப் போராடிக்கொண்டிருந்தாள். இந்த முறையும் செய்முறையில் போனால், "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள்.

பஸ் கால் மணி நேரம் தள்ளிக் கிளம்பினால் போதும். நாங்கள் பணிமனைக்குப் போய்க் கேட்டோம். ஆளாளுக்கு வந்து கேட்டால் மாற்ற முடியாது, பேரவைத் தலைவரைக் கல்லூரி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த வருடத் தலைவர் கம்பம் பஸ். கம்பத்துக்கு நினைத்த நேரத்தில் பஸ் உண்டு. அவருக்கு நாங்கள் சொன்னது விளங்கவே இல்லை. அடுத்த தேர்தல் வந்தது. எங்கள் பஸ்ஸில் வேட்பாளராக முடிவானவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்குப் போயி டிப்போவுக்கு எதுக்குத்தா அலையிறீக? லேப் இருக்க அன்னைக்கு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க வண்டியப் பிடிச்சு வைக்கிறோம்."

அன்றைக்குத்தான் நானே நிற்பது என்று முடிவு செய்தேன். யாரோ பிடித்து வைக்கிற வண்டியில் ஏறுவதற்கு ஒவ்வொரு முறையும் பல்லைக் காட்ட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது பஸ் நிலையச் சுவரில் எழுதி வைத்த ஒரு நேரம்.

ஒரே பஸ்ஸில் இரண்டு வேட்பாளர் என்பது எங்கள் கல்லூரி கேள்விப்படாத துரோகம். மறுநாளே படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏத்தா, நம்ம பஸ் ஓட்ட நீயே பிரிச்சுப்புட்டா, கம்பத்துக்காரய்ங்க சும்மா வந்து செயிச்சிட்டுப் போயிருவாய்ங்கள்ல?" கணக்கு சரியான கணக்குதான். முன்பாதி ஓட்டும் தங்களுடையது என்று வைத்துப் போட்ட கணக்கு, அவ்வளவே. என் கணக்கு வேறு. எல்லா பஸ்ஸிலும் ஒரு முன்பாதி இருக்கிறதே! காலையில் கல்லூரி வாசலில் பஸ் பஸ்ஸாக வந்து நிற்க, நான் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பேசினேன். ராயப்பன்பட்டிப் பிள்ளைகள் தங்கள் பஸ்ஸும் இதே லட்சணம்தான் என்றார்கள். எனக்கு நம்பிக்கை ஏறிவிட்டது.

மாலைப் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்தார். முதல் கேள்வி, நீங்கள் என்ன ஆளுக. இரண்டாவது, அப்பா எந்தக் கட்சி. நான் பஸ் நேரம், ஆய்வகம், உப்பு என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். மும்முரமாகக் குறித்துக்கொண்டார். மறுநாள் செய்தி வந்தது: கல்லூரித் தேர்தலில் அரசியல் கட்சிகள் ஊடுருவல், மாணவியைக் களமிறக்கியது யார்? பஸ் என்ற சொல்லே அதில் இல்லை. திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த அப்பா, பத்திரிகையை மடித்து என் முன்னால் வைத்தார். "எந்தக் கட்சின்னு எங்கிட்டயாவது சொல்லுத்தா. டீக்கடையில எல்லாரும் கேக்குறாக" என்றார். திட்டுவார் என்று பயந்திருந்த எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஓட்டுப்பதிவு வகுப்பு வகுப்பாக நடந்தது. வகுப்புக்கு ஒரு பெட்டி. எண்ணுவதும் அப்படியே. பேராசிரியர் ஒருவர் மேடையில் நின்று ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வகுப்பாக வாசித்தார். வரலாற்றில் எனக்கு நல்ல ஓட்டு. தமிழில் அதைவிட நல்ல ஓட்டு. கம்பம் பஸ் பெண்களும் எனக்குப் போட்டிருந்தால்தான் அவ்வளவு வரும். பிறகு மூன்றாமாண்டு வேதியியல் வந்தது. அந்த வகுப்பில் மூன்றே பெண்கள், மூவரும் தேவாரம் பஸ், அதில் ஒருத்தி என் சிநேகிதி. என் பெயரை வாசித்துவிட்டுப் பேராசிரியர் சற்றுத் தயங்கினார். "ஓட்டு எதுவுமில்லை" என்றார். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். கடைசியில் கம்பம் பஸ் ஜெயித்தது, நான் இரண்டாவதாக வந்தேன், எங்கள் பஸ்காரர் மூன்றாவது. எனக்குத் தோல்வி பெரிதாக உறைக்கவில்லை. அந்த ஒரு வகுப்பைத்தான் தாங்க முடியவில்லை.

பின்னாளில் பொதுத்தேர்தல்களைப் பற்றி எழுதப் போனபோது இதே கதையை வேறு இடங்களில் பார்த்தேன். முன்பு வாக்குச்சீட்டுகளைக் கலந்து எண்ணுவார்கள், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று சொல்ல முடியாது. இயந்திரம் வந்தபிறகு பூத் பூத்தாகத் தெரிந்துவிடுகிறது. மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில், காலிக் குடத்தோடு நின்ற ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "எங்க தெரு போடலேன்னு கண்டுபிடிச்சிட்டாகல்ல. அதான் அங்கன வரைக்கும் வந்த குழாய் இங்கன வரல. அடுத்த தடவை அவுகளுக்கே போட்டுற வேண்டியதுதான்." அதை அப்படியே எழுதி அனுப்பினேன். அலுவலகத்தில் அதை வெட்டிவிட்டு, வளர்ச்சியை எதிர்பார்க்கும் வாக்காளர்கள் என்று தலைப்பு போட்டார்கள். பூட்டிய பெட்டியை மட்டும் நம்பி ரகசிய வாக்கு என்று பேசுகிறவர்களிடம் எனக்கு இன்றும் சண்டை உண்டு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், ஒரு பெட்டிக்குள் எத்தனை பேர் ஓட்டு கலக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு பெண்ணின் தைரியம் இருக்கிறது.

கல்லூரித் தேர்தல் முடிவு வந்த அன்றைக்கு இவ்வளவு தெளிவு எனக்கு இல்லை. சாயங்கால பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். சிநேகிதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்து போய்விடலாம் என்றால் கூட்டத்தில் நிற்கக்கூட இடமில்லை. கோம்பை நெருங்கியது.

"எங்க கிளாஸ்ல பொண்ணுகளே மூணு பேருதான்டி" என்றாள், பின்னால் கேட்காத குரலில். "உனக்கு ஒரு ஓட்டு விழுந்திருந்தாலும் மூணு பேர் மேலயும் சந்தேகம் வந்துரும். அப்புறம் லேப் அன்னைக்கு யாரு எனக்காக வண்டிய நிறுத்துவாக? மூணு பேரும் கூடிப் பேசித்தான் முடிவு பண்ணுனோம்."

கோம்பை வந்தது. எழுந்தவள், இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தோத்துட்டோம்னு விட்டுற மாட்டேல்ல? பஸ் நேரத்த மாத்தச் சொல்லிக் கேப்பேல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை ஓங்கி அறைந்திருக்க வேண்டும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குறேன், எறங்கு" என்றேன்.