பின்கதவைப் பிறாண்டிய பப்பு

எங்கள் ஐந்து மாத பொமரேனியன் குட்டி பப்பு, பின்வாசல் முருங்கை மரத்தடியில்தான் சிறுநீர் கழிக்கும். திடீரென்று ஒரு வாரமாக வீட்டுக்குள்ளேயே போக ஆரம்பித்தது. கோபத்தில் அடித்துவிட்டேன். அதன்பின் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு சிறுநீர் கழித்தது. நோயோ என்று பயந்து, செஞ்சியில் உள்ள கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போனேன்.

"நோயெல்லாம் இல்லம்மா. வீட்ல இன்னா மாத்துனீங்க?" என்றார்.

"ஒண்ணும் மாத்தலியே சார்."

வீடு திரும்பியதும்தான் உறைத்தது. ஒரு வாரமாக, சிங்கவரத்தில் உள்ள எங்கள் நிலத்துக் கடலையைப் பின்வாசலில் முருங்கையடி வரை காயப்போட்டுவிட்டு, குட்டி மிதிக்காமலிருக்கப் பின்கதவைச் சாத்தி வைத்தவள் நான். அது கதவைப் பிறாண்டியபோதெல்லாம் "சும்மா கெட" என்று அதட்டியவளும் நான்தான்.

இப்போதெல்லாம் கடலை காயப்போட்டாலும் மரத்தடியை விட்டுவைக்கிறேன். பிறாண்டும் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறேன். பப்பு பழையபடி வெளியே போகிறது. ஆனால் தடவிக்கொடுக்கக் கை நீட்டினால்கூட, இன்னும் ஒரு கணம் பதுங்குகிறது.